சனிக்கிழமைச் சட்டையும் நானூறு திருகும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணி புதுச் சீருடையை வெளியிட்டால் அன்றைக்கே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். தாத்தா காலத்து நிறத்தில் கை வைக்காதே என்பது ஒரு கட்சி. பதினேழு வயதுப் பையனுக்குப் பிடித்தால்தானே நம் கல்லூரிக்கு ஆட வருவான் என்பது இன்னொன்று. அவர்கள் பேசி ஓய்ந்த பிறகு, அந்தச் சீருடையைச் சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தயார் செய்வது உபகரண அறையின் வேலை. அந்த அறையில் யாரும் முதலில் அழகைப் பற்றிக் கேட்பதில்லை. எண் தெரிகிறதா, திருகு கழல்கிறதா, சாயம் விடுகிறதா, நடு ஆட்டத்தில் கிழிந்தால் கைவசம் வேறு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

தலையிலிருந்தே தொடங்கலாம். 2025-இல் வந்த ஏற்பாட்டின்படி பெரிய கல்லூரிகளில் ஓர் அணிக்கு 105 ஆட்டக்காரர்கள் வரை. ஒரு வார ஆட்டத்துக்கு மட்டும் வேறு நிற ஹெல்மெட் வேண்டும் என்றால் இரண்டே வழி. இருக்கிற ஹெல்மெட்டிலேயே ஸ்டிக்கரையும் முகக்கம்பியையும் மாற்றுவது, அல்லது ஆளுக்கு இரண்டாவது ஹெல்மெட் வாங்குவது.

முதல் வழி மலிவு, ஆனால் இடுப்பை ஒடிக்கும். பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்கி, ஹெல்மெட்டின் வெளி ஓட்டோடு ஒட்டியபடி தாழ்வான கோணத்தில் மெல்ல உரிக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் பசை அங்கேயே தங்கிவிடும். அந்தப் பசையை அசிட்டோன், தின்னர் போட்டுத் துடைக்க அவசரக் கை பரபரக்கும். கூடவே கூடாது. ஓடு பாலிகார்பனேட், கரைப்பான் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும், அடுத்த மோதலில்தான் அது தெரியவரும். சோப்பு நீரும் பொறுமையும் போதும். புது ஸ்டிக்கரை ஒட்டும்போதும் ஓட்டின் மேல் சோப்பு நீர் தெளித்தால் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடைக்கும். காதுத் துளையையும் நடுக்கோட்டையும் அளவாக வைத்து டேப்பால் குறித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். காற்றுத் துளை வரும் இடத்தைக் கத்தியால் வெட்டித் திறக்க வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் குரோம் ஸ்டிக்கர் வளைவில் மடிந்து சுருங்கும், ஓரத்தில் சிறு வெட்டுகள் கொடுத்தால்தான் படியும். ஹெல்மெட்டுக்குப் பத்தே நிமிடம் என்று வைத்தாலும் 105-க்குப் பதினேழரை மணி நேரம். இதில் முகக்கம்பி சேரவில்லை.

முகக்கம்பிக்குப் பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் நெற்றியில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என நான்கு பிடிப்பான்கள். நானூறுக்கு மேல் திருகு. மின் திருப்புளியை முழு வேகத்தில் வைத்து முடுக்கினால் உள்ளேயிருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். அப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. வியர்வை உப்பில் துருப்பிடித்த திருகும் அப்படித்தான். கழுத்து எலும்பில் அடிபட்டதோ என்ற சந்தேகம் வந்தால், பல நேரம் மருத்துவக் குழு ஹெல்மெட்டை அசைக்காமல் முகக்கம்பியை மட்டும் கழற்றி மூச்சுக்கு வழி செய்யும். அந்த நிமிடத்தில் திருகு கழல வேண்டும். எனவே ஒவ்வொரு மாற்றத்தின்போதும் துருப்பிடிக்காத எஃகுத் திருகு புதிதாகப் போட வேண்டும், கடைசி இறுக்கத்தைக் கையால் கொடுக்க வேண்டும். கால் சுற்றில் கழலும் பிடிப்பான் உள்ள புது வகைகளில் இந்தத் தலைவலி குறைவு.

இரண்டாவது ஹெல்மெட் வாங்கும் வழியில் வேறு சிக்கல். தலைக்குப் பொருந்துவது ஓட்டின் அளவால் மட்டுமல்ல. உள் மெத்தை, தாடை மெத்தை, காற்றுப்பை எல்லாம் அந்தந்தத் தலைக்குப் பல நாள் பயிற்சியில் படிய வேண்டும். வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து எடுத்துச் சனிக்கிழமை மாட்டினால் நெற்றியில் ஓர் இடத்தில் குத்தும். ஆட்டக்காரர் தாமாகவே காற்றைக் குறைத்துக்கொள்வார், தளர்ந்த ஹெல்மெட்டோடு மோதுவார். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். இந்தக் கவலையால்தான் 2013 முதல் ஓர் ஆட்டக்காரருக்கு ஒரே ஓடு என்று கட்டிப்போட்டு, 2022-இல்தான் தளர்த்தியது. கல்லூரிகளுக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் கல்லூரி ஹெல்மெட்டுகள் அத்தனை நிறத்தில் ஜொலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். விவரம் தெரிந்த அறை, மாற்று ஹெல்மெட்டைப் பருவத்துக்கு முந்தைய ஆகஸ்ட் முகாமிலேயே கொடுத்துவிடும். செவ்வாய் பயிற்சிக்கு ஒன்று, புதனுக்கு மற்றது என்று மாற்றி மாற்றி அணியவைத்துப் பழக்கும்.

2024-இல் இன்னொரு முடிச்சு சேர்ந்தது. பயிற்சியாளர் தம் அணியின் ஓர் ஆட்டக்காரரோடு ஹெல்மெட் வானொலியில் பேசலாம் என்று மேல்மட்டப் பிரிவில் அனுமதி வந்தது. ஒவ்வொரு நகர்வையும் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்தப் பேச்சு அறுந்துவிடும். களத்தில் இருக்கும் அந்த ஒருவரின் ஹெல்மெட் பின்புறம் நடுவில் பச்சைப் புள்ளி இருக்க வேண்டும். நிறம் மாற்றும் வாரத்தில் ஒலிபெருக்கி, பச்சைப் புள்ளி இரண்டும் புது ஓட்டுக்கு இடம் மாற வேண்டும். மாற்று ஆட்டக்காரருக்கும் அவருக்கு மாற்றாக இருப்பவருக்கும் சேர்த்து. குரோம் ஓட்டின் பளபளப்பில் இதை மறந்துவிடுவது சுலபம்.

பூச்சு பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான பூச்சில் எதிரணி ஹெல்மெட் உரசிய கறையைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். மங்கல் பூச்சில் அதே வேலையைச் செய்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எண்ணெய் வழிந்தது போலிருக்கும். ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற பருவ இறுதி ஆட்டத்தில், 2012-இல் ஓரிகன் அணி மாட்டி வந்த கண்ணாடி ஹெல்மெட்டைப் பார்த்து நாடே வாய் பிளந்தது. அப்படிப்பட்ட ஓட்டில் ஒவ்வொரு கீறலும் கல்வெட்டு மாதிரி நிற்கும். நோட்டர்டேம் அணியின் பொன் ஹெல்மெட்டோ 2011 வரை மாணவ உதவியாளர்கள் வாராவாரம் கையால் பூசியது. கீறல் விழுந்தால் அடுத்த பூச்சில் மறைந்துபோகும். பாரம்பரியம் என்று போற்றப்பட்ட அந்த மினுக்கம் ஒரு பராமரிப்பு முறையும்கூட.

இப்போது ஜெர்சி. மாற்றுச் சீருடைகள் அதிகம் சறுக்கும் இடம் எண். கல்லூரி விதிப்படி எண் முன்னால் குறைந்தது 8 அங்குலம், பின்னால் 10 அங்குல உயரம். வடிவமைப்பாளர்கள் சாம்பல் துணியில் சாம்பல் எண்ணைப் போட்டு, சுற்றி மெல்லிய ஆரஞ்சுக் கரை வரைந்து, எண் தெரிகிறதே என்பார்கள். ஸ்டூடியோ விளக்கில் தெரியும்தான். பத்திரிகையாளர் மாடத்திலிருந்து, மாலை வெயில் பாதியும் நிழல் பாதியுமாக விழுந்த களத்தில் தெரியாது. கரை எதுவாக இருந்தாலும் எண்ணின் நிறமே ஜெர்சி நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும் என்று 2013-இல் விதி இறுக்கப்பட்டது. எண் தெரியாவிட்டால் குழம்புவது அறிவிப்பாளர் மட்டுமல்ல. 50 முதல் 79 வரை எண் உள்ளவர்கள் பொதுவாக முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கத் தகுதியற்றவர்கள். நடுவர் அதைத் தீர்மானிப்பதே எண்ணைப் பார்த்துத்தான். காணொளியில் எதிரணியை அலசும் உதவிப் பயிற்சியாளர்களும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள்.

எண்ணை ஒட்டுவதில்தான் துணியின் குணம் வெளிப்படும். ஜெர்சி பாலியெஸ்டர். அதன் சாயம் சூட்டில் ஆவியாகி நகரும். சிவப்பு ஜெர்சியில் வெள்ளை எண்ணை 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அழுத்தி ஒட்டினால், அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சில நாளில் எண் இளஞ்சிவப்பாகிவிடும். துவைத்தவர் மேல் பழி விழும், பாவம். சாயம் துவைப்பில் ஏறியதல்ல, அழுத்தும்போதே ஏறத் தொடங்கியது. வெள்ளைக்கு அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் அல்லது கறுப்பு அடுக்கு வேண்டும். சூடும் நேரமும் குறைய வேண்டும். தைத்து ஒட்டும் ட்வில் துணி எண்ணில் இந்தத் தொல்லை குறைவு, எடை அதிகம். வழக்கமான ஜெர்சி பல ஆண்டு பிழைகளில் தேறிய துணி. ஒரே ஆட்டத்துக்கு வரும் ஜெர்சி அந்தப் பிழைகளையெல்லாம் புதிதாகச் செய்துபார்க்கும்.

ஒரே ஆட்டம் என்பதால் உதிரியும் குறைவாகவே வரும், வினையே அங்கேதான். ரத்தம் பட்ட ஜெர்சியோடு ஆட முடியாது; துடைக்க வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். வழக்கமான நிறத்தில் பெயரில்லாத உதிரி ஜெர்சிகள் பெட்டி நிறைய இருக்கும். மாற்றுச் சீருடையில் பெரிய அளவில் இரண்டு, நடு அளவில் இரண்டு வந்திருந்தால் அதிர்ஷ்டம். வேறு எண்ணை அணிந்தால் நடுவரிடம் சொல்லி, அவர் அறிவிக்க வேண்டும். அந்த எண்ணை உடைய இன்னொருவர் அதே நேரத்தில் களத்தில் இருக்கக் கூடாது. ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு அளவிலும் எண்ணில்லாத ஜெர்சி வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பது நல்லது. வடிவமைப்பிலிருந்து கைக்கு வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் புதிதாகச் சேர்ந்தவர், வெளியேறியவர், பத்து கிலோ ஏறியவர் என அணியே மாறியிருக்கும்.

துவைப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர், வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். புல் கறைக்கு நொதி கலந்த சோப்பு. குளோரின் பிளீச், ஸ்பாண்டெக்ஸ் என்ற நீளும் இழையைத் தின்றுவிடும். துணி மென்மையாக்கி வியர்வை உறிஞ்சும் இழையை மூடிவிடும். செயற்கைப் புல்லில் சறுக்கி விழுந்த முட்டியில் இருக்கும் கறுப்புத் தடம் எந்தச் சோப்பிலும் போகாது, ஏனென்றால் அது கறையல்ல, உராய்வுச் சூட்டில் உருகிய இழை. முழு வெள்ளைச் சீருடை வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு அந்தக் கால்சட்டையை ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை காட்ட வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, பாரம்பரியக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதாக நினைக்க வேண்டாம். பாரம்பரியம் என்று இன்று கும்பிடப்படுபவற்றில் பல, ஒரு காலத்தில் யாரோ செய்த மாற்றுச் சீருடைதான். மிச்சிகனின் சிறகு ஹெல்மெட் 1938-இல் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் கொண்டுவந்தது. பந்தை எறிபவர் தூரத்தில் ஓடும் தன் ஆளை அடையாளம் காண வேண்டும் என்பது அவர் நோக்கம். அன்றைய தோல் ஹெல்மெட்டில் ஏற்கனவே இருந்த தையல் பட்டைகள் மேல்தான் வண்ணம் தீட்டினார். ஒஹாயோ ஸ்டேட் ஹெல்மெட்டில் ஒட்டப்படும் பக்கை (buckeye) மர இலை ஸ்டிக்கர் 1968-இல் வந்தது. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) சொந்த ஊரில் வெள்ளை அணிவது 1958-இல் தொடங்கியது. இடையில், உள்ளூர் அணி வண்ணமும் வரும் அணி வெள்ளையும் அணிய வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றதால் 1983 முதல் பன்னிரண்டு பருவங்கள் அது முடியாமல் போயிற்று. பயிற்சியாளர் ஜெரி டிநார்டோ போராடி 1995-இல் விதியை மாற்றவைத்தார், ஆனால் வரும் அணி சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த ஆண்டே வாண்டர்பில்ட் மறுத்தது. டிநார்டோ முன்பு பயிற்சியளித்த கல்லூரி அதுதான். எல்.எஸ்.யூ. பொன்னிறத்தில் இறங்கியது. தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் அதே ஊர் யூ.சி.எல்.ஏ.வும் இரு பக்கமும் வண்ணச் சட்டையில் மோதும் காட்சியை, 2008-இல் வரும் அணியாக இருந்த தெற்கு கலிஃபோர்னியா விதியை மீறி வண்ணம் அணிந்து, அதற்குத் தண்டனையாக ஒரு டைம்-அவுட்டைப் (ஆட்டத்தை நிறுத்தும் உரிமையை) பறிகொடுத்து மீட்டது.

மாற்றுச் சட்டையால் ஆட்டம் மாறும் என்ற நம்பிக்கைக்கும் இரு பக்கமும் சாட்சி உண்டு. 1977-இல் நோட்டர்டேம் ஆட்டத்துக்கு முன் நீலத்தில் பயிற்சி எடுத்து, பச்சையில் திரும்பி வந்து, தெற்கு கலிஃபோர்னியாவை 49-19 என்று அடித்தது. அதே பச்சையில் 2002-இல் தோல்வியறியா அணியாக இறங்கி பாஸ்டன் காலேஜிடம் தோற்றது. ஜார்ஜியா 2007-இல் கறுப்பில் ஆபர்னை 45-20 என வென்றது. அடுத்த ஆண்டு அதே கறுப்பில் அலபாமாவுக்கு எதிராக இடைவேளையில் 0-31 என்று நின்றது. சட்டை ஓடாது, ஆள்தான் ஓட வேண்டும்.

மாதிரிச் சீருடை வந்து இறங்கும் நாளில் படம் எடுக்க எல்லோரும் கூடுவார்கள். அதற்கு முன் அதை ஒருமுறை ஷோல்டர் பேட் (தோள் காப்பு) மேல் மாட்டி, ஈரமாக்கி, ஒருவரைக் களத்தின் மறு கோடியில் நிறுத்தி, மாடத்தின் உச்சியிலிருந்து மாலை ஐந்து மணிக்கு எண்ணைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஈரத்தில் துணி கறுக்கும், வலைப்பின்னல் துணியில் எண் இழுபடும். 3-ஆ 8-ஆ என்று தயங்கினால் அன்றைக்கே திருப்பி அனுப்பலாம். ஆகஸ்டுக்குப் பிறகு திருப்ப முடியாது.