எச்.ஐ.வி. டிப்ளோமா தேர்வு: தலைவலியைத் தாண்டிச் சென்றதால் தோற்றேன்

தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளின் எச்.ஐ.வி. மேலாண்மை டிப்ளோமாவில் இரண்டாம் முயற்சியில் தேறிவிட்டேன் என்ற செய்தி சென்ற வாரம் வந்தது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பல ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்துவரும் எனக்கு முதல் தோல்வியின் வலி இன்னும் ஆறவில்லை.

அன்று என்னை வீழ்த்தியது ஒரே கேள்வி: புதிதாக எச்.ஐ.வி. உறுதியான இளைஞர், நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை வெறும் 48, இரண்டு வாரத் தலைவலி. இன்றே ஏ.ஆர்.வி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) தொடங்கலாம் என்று எழுதினேன். நம் கிளினிக்குகளில் தாமதமின்றித் தொடங்குவதே பழக்கம் என்பதால் என் பேனா தயங்கவேயில்லை. முதலில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையைக் கண்டறியும் ஆன்டிஜென் சோதனையும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் செய்து, மூளை உறை அழற்சி உறுதியானால் பூஞ்சை மருந்தைத் தொடங்கி, 4 முதல் 6 வாரங்கள் கழித்தே ஏ.ஆர்.வி. கொடுத்திருக்க வேண்டும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தப் பூஞ்சை அழற்சியுள்ள 177 நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஓரிரு வாரங்களிலேயே ஏ.ஆர்.வி. தொடங்கியவர்களில் 45 விழுக்காட்டினரும், ஐந்து வாரம் காத்திருந்தவர்களில் 30 விழுக்காட்டினரும் 26 வாரங்களுக்குள் இறந்தனர். இதை முன்பே படித்திருந்தும் தேர்வறையில் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே இரண்டாம் முறை பாடநூலைக் குறைத்துக்கொண்டு, விடியற்காலை நான்கு மணிக்குத் தனியாக அமர்ந்து, முந்தைய நாள் பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் "இவருக்கு இன்று ஏன் தொடங்கக் கூடாது?" என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதினேன். குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பிறர் சொல்லும் விடையில் என் பிழை மறைந்துவிடுகிறது.

தேர்வெழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய மற்றவை சுருக்கமாக:

- காசநோய் மூளை உறை அழற்சியிலும் ஏ.ஆர்.வி. தொடங்க 4 முதல் 8 வாரங்கள் காத்திருக்க வேண்டும்.
- காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு, ஏ.ஆர்.வி. மருந்தான டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு இருமுறை, ரிஃபாம்பிசின் நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் அப்படியே.
- டோலுடெக்ராவிருடன் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம். நம் குடும்பங்களில் நீரிழிவு மிகுதி. இதைக் கட்டாயம் படியுங்கள்.
- டோலுடெக்ராவிர் தொடங்கியதும் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டை அளக்க உதவும் கழிவுப்பொருள்) சற்றே உயர்வது சிறுநீரகப் பாதிப்பு அன்று.

நேற்று வந்த ஒரு பெண்ணிடம் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன், "இகாண்டா லிபுஹ்லுங்கு?" என்று ஜூலுவில் தலைவலியைக் கேட்டேன். ஆம் என்றார். அன்று மாலையே முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தேன்.