26.7 சதவீதம் வாங்கினா எம்பி ஆயிடலாம்

பிரிட்டன்ல கன்சர்வேட்டிவ் கட்சி லிஸ் ட்ரஸ் 2024 பார்லிமென்ட் தேர்தல்ல தோத்தப்போ எல்லாரும் கைதட்டுனாங்க, நானும்தான், 49 நாள் பிரதமரா இருந்து போட்ட ஆட்டம் அப்படி. 2019ல இருபத்தாறாயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்ச சவுத் வெஸ்ட் நார்ஃபோக் தொகுதியவே கோட்டை விட்டாங்க. ஆனா கணக்கப் பாருங்க. ஜெயிச்ச லேபர் கட்சிக்காரருக்கு 11,847, ட்ரஸ்ஸுக்கு 11,217, ரிஃபார்ம் கட்சிக்கு கிட்டத்தட்ட பத்தாயிரம், சுயேச்சை ஒருத்தர் வேற ஆறாயிரத்துக்கு மேல பிரிச்சிட்டார். ஜெயிச்சவர் வாங்குனது 26.7 சதவீதம், அதாவது ஓட்டு போட்டவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேரு அவர் வேணாம்னவங்க, ஆனாலும் அவர்தான் எம்பி.

நாடு முழுக்கவும் இதே கூத்துதான். லேபர் வாங்குனது 33.7 சதவீதம், சீட்டு 650ல 411. ரிஃபார்ம் 14.3 வாங்கி 5 சீட்டு, லிபரல் டெமாக்ரட் அதவிடக் கம்மியா 12.2 வாங்கி 72 சீட்டு, ஏன்னா அவங்க ஜெயிக்கற தொகுதியாப் பாத்து அங்கயே பழியா கெடந்து வேல பாத்தாங்க, ரிஃபார்ம் ஓட்டு ஊரெல்லாம் செதறிக் கெடந்துச்சு. எனக்கு ரிஃபார்ம் தலைவர் ஃபராஜ சுத்தமாப் பிடிக்காது, ஆனா 40 லட்சம் ஓட்டுக்கு 5 சீட்டுங்கறது யாருக்கு நடந்தாலும் அநியாயம்தான்.

சரி இந்த ஓட்டு முறைய மாத்த வேண்டியதுதானேனா, மாத்த வேண்டியவங்க யாரு, இதுல ஜெயிச்சு வந்தவங்க. 1997ல லேபர் இதுக்கு ரெஃபரண்டம், அதாவது மக்கள்கிட்டயே நேரடியா ஓட்டெடுப்பு வைக்கறோம்னு வாக்கு குடுத்துச்சு, ராய் ஜென்கின்ஸ் தலைமைல கமிட்டி போட்டாங்க, 1998ல ரிப்போர்ட்டும் வந்துச்சு, அப்போ பிரதமரா இருந்த பிளேருக்கு அவ்ளோ பெரிய மெஜாரிட்டி இருக்கறப்போ அத எதுக்குத் தொடணும், கெடப்புல போட்டாச்சு. 2011ல கன்சர்வேட்டிவோட போட்ட கூட்டணிக்கு விலையா லிபரல் டெமாக்ரட் வாங்குன ரெஃபரண்டம் இருக்கே, அது வாங்குற ஓட்டுக்கு ஏத்த மாதிரி சீட்டு குடுக்கற விகிதாச்சார முறை கூட இல்ல, வேட்பாளர்கள 1, 2, 3னு வரிசைப்படுத்தற ஏவி முறை, அவ்ளோதான். அதுக்கே எதிர்த்தவங்க பச்சக்குழந்தை படத்தப் போட்டு, இவளுக்கு வேண்டியது இதய சிகிச்சை வசதி, புது ஓட்டு முறை இல்லனு போஸ்டர் அடிச்சாங்க! 67.9 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க.

புது முறை மக்களுக்குப் புரியாதுங்கறதெல்லாம் சும்மா. ஸ்காட்லாந்து பார்லிமென்டுக்கு 1999லேர்ந்து ரெண்டு ஓட்டு போடறாங்க, ஒண்ணு தொகுதிக்கு ஒண்ணு கட்சி லிஸ்டுக்கு, வட அயர்லாந்துல ஸ்டார்மன்ட்ங்கற அவங்க சட்டசபைத் தேர்தலுக்கு நம்பர் போட்டு வரிசைப்படுத்தறாங்க. தொகுதிக்குனு ஒரு எம்பி வேணும்ங்கற வாதத்த மட்டும் நான் ஒத்துக்குவேன், ஸ்காட்லாந்து முறைல அதுவும் இருக்கு.

2022ல லேபர் மாநாட்டுலயே விகிதாச்சாரம் வேணும்னு தீர்மானம் போட்டாங்க, அப்போ கட்சித் தலைவரா இருந்த ஸ்டார்மர் 2024 தேர்தல் அறிக்கைல சேக்கல. எப்படிச் சேப்பாரு, அந்த 411ல யாரு போயி என் சீட்ட எடுத்துக்கோங்கனு சொல்லப் போறாங்க?