ஸ்வால்பார்டு போகிறவர்கள் விசாவில் 'என்ட்ரி' எண்ணைப் பாருங்கள்

வடதுருவத்துக்கு அருகே, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளுக்கு விசா தேவையில்லை என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வழக்கமான விமானங்கள் ஓஸ்லோவிலிருந்தும் ட்ரொம்சோவிலிருந்தும்தான் போகின்றன. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் நார்வே இருக்கிறது, ஸ்வால்பார்டு வெளியே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஓஸ்லோவில் நுழைந்து, தீவுக்கு ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைய வேண்டும். விசாவில் ஒரே ஒரு நுழைவுதான் என்றால் திரும்பி வர வழி கிடையாது.

ஓர் ஆய்வுக்குழுவோடு அங்கே போக வேண்டியிருந்த எனக்கு இது முன்பே தெரியும். அதனால் விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு என்று குறித்து, காரணத்தை விளக்கி ஒரு கடிதமும் சேர்த்திருந்தேன். விசா மையத்தில் கோப்பை வாங்கிய பெண் அந்தக் கடிதத்தை மட்டும் உருவி என்னிடமே நீட்டினார்.

"இது செக்லிஸ்ட்ல இல்ல, மேடம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஸ்வால்பார்டும் நார்வேதானே மேடம்? ஒரு என்ட்ரி போதும்."

மேலாளரைக் கேட்டால் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கடிதம் இல்லாமலேயே கோப்பு போனது. பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது விசாவில் நுழைவு '01' என்றிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு பாதி சரி. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் தீவுகளின் முழு இறையாண்மையை நார்வேக்குத் தந்தது. அதே ஒப்பந்தம், சேர்ந்த நாடுகளின் குடிமக்கள் எல்லோருக்கும் அங்கே போகவும் தொழில் செய்யவும் சம உரிமை உண்டு என்றும் சொல்கிறது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியா வழியாக நம் நாடும் அதில் இருக்கிறது. தீவில் விசா கேட்காததும், அதை ஷெங்கனுக்கு வெளியே வைத்திருப்பதும் அந்தத் தனி ஏற்பாட்டோடு சேர்ந்தவைதான். ஒரு நூற்றாண்டாக நடக்கும் இந்த ஏற்பாட்டை, தினமும் விசா கோப்பு வாங்கும் கவுண்டரில் ஒருவருக்காவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா?

விசா மையத்தோடு வாதாடிப் பயனில்லை என்று புரிந்ததும், என்னை அழைத்த ஆய்வுக்குழுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அழைப்புக் கடிதத்திலேயே "இவர் ஷெங்கனிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும், இரண்டு நுழைவு அவசியம்" என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார்கள். அழைப்புக் கடிதம் செக்லிஸ்டில் இருக்கிறது, அதை யாரும் உருவ முடியாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம் 90 யூரோ. இந்தத் தடவை '02' வந்தது. நீங்கள் போவதாக இருந்தால் முதல் தடவையே அழைப்புக் கடிதத்தில் அந்தப் பத்தியை எழுதி வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கவரை அங்கேயே பிரித்து, நுழைவு எண்ணையும் கடைசித் தேதியையும் பாருங்கள். தீவில் கழிக்கும் நாட்கள், ஷெங்கனுக்குள் அதிகபட்சம் தங்கக்கூடிய 90 நாள் கணக்கில் சேராது. ஆனால் ஓஸ்லோவுக்குத் திரும்பும் நாளில் விசா உயிரோடு இருக்க வேண்டும். மூடுபனியில் விமானம் தள்ளிப்போவது அங்கே சகஜம்.

ஆய்வுத் திட்டத்தை இணையத்தில் பதிவு செய்வது சுலபமாக முடிந்தது. அடுத்து ஸ்வால்பார்டு ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணில் சிறு துளைகள் போட்டு வெப்பமானி இறக்குவது எங்கள் வேலை. 1971க்கும் 2017க்கும் இடையில் அங்கே வெப்பம் 3 முதல் 5 டிகிரி வரை கூடியிருக்கிறது. வீடும் சாலையும் நிற்கும் மண்ணே இளகுகிறது என்பதால்தான் இந்த அளவீடு.

அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் ஸ்வால்பார்டில் தானாகவே பாதுகாக்கப்பட்டது. துருப்பிடித்த கம்பியும் உடைந்த பலகையும்கூட அதில் சேரும். நாங்கள் குறித்த துளைகளில் ஒன்று அப்படிப்பட்ட பழைய சுரங்க மிச்சங்களைச் சுற்றியுள்ள 100 மீட்டர் பாதுகாப்பு எல்லைக்குள் விழுந்தது. இந்த இடம் ஆகாது, காரணம் இது, வேறு புள்ளி கொடுங்கள் என்று தெளிவாகப் பதில் வந்தது. விதி கறாராக இருக்கலாம், காரணத்தோடு சொன்னால் போதும், எனக்கு ஒரு குறையும் இல்லை. புள்ளியை நகர்த்தினோம், அனுமதி கிடைத்தது. சட்டம் இப்படிக் கண்டிப்பாக இருப்பதும் நியாயம்தான். நிலக்கரி போய்ச் சுற்றுலா வந்திருக்கும் இடத்தில், ஆளுக்கு ஒரு துளை, ஆளுக்கு ஒரு பாதை என்று விட்டால் மிஞ்சுவது என்ன?

அப்புறம் காப்பீடு. தேடுதல், மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஏற்கெனவே எடுத்திருந்த பயணக் காப்பீடு மருத்துவமனைச் செலவை மட்டும் தரும், பனிப்பிரதேசத்தில் ஹெலிகாப்டர் அனுப்பினால் தராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. முகவர் "எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்று வாயால் சொன்னதோடு சரி, எழுதித் தரச் சொன்னதும் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஆய்வுக்குழுவின் கூட்டுக் காப்பீட்டில் என் பெயரைச் சேர்த்தார்கள். தனியாகப் போகிறவர்கள் 'தேடுதல், மீட்பு' என்ற சொற்கள் பாலிசியில் அச்சில் இருக்கிறதா, எந்தத் தொகை வரைக்கும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

துப்பாக்கி விஷயத்தில் எனக்கு அலைச்சல் இல்லை, குழுவில் உரிமம் உள்ளவர் இருந்தார். ஊர் எல்லையைத் தாண்டினால் துருவக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தே ஆக வேண்டும். சொந்த உரிமம் இல்லாமல் அங்கே துப்பாக்கி வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் ஆளுநர் அலுவலகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை நம் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.