தாழ்த்திய ஆக்டேவியாவுக்கு வீல் தேடிய கதை

ஸ்பிரிங் மாற்றி காரை 30 மி.மீ. இறக்கியாயிற்று. கீழே உட்கார்ந்து பார்த்தால் என் 2015 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா இன்னும் ஏதோ குறையாகத்தான் நின்றது. உடம்பு தாழ்ந்துவிட்டது, சக்கரம் மட்டும் மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. வயிறு ஒட்டினவன் பெரிய சட்டை போட்ட மாதிரி. சரி, வீலை மாற்றினால்தான் இந்த வேலை முடியும் என்று தெரிந்தது.

எல்லோரையும் போல நானும் முதலில் 18 அங்குலத்தில்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் கழித்து 17-இல் வந்து நின்றேன். வருத்தமில்லை. நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மே: தூக்குக்குண்டு

வீடு கட்டியபோது கொத்தனார் விட்டுவிட்டுப் போன தூக்குக்குண்டு ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. மட்கார்டு விளிம்பில் டேப் ஒட்டி அதைத் தொங்கவிட்டேன். நூலுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் முன்னால் 25 மி.மீ., பின்னால் 28. கம்பெனி வீல் அவ்வளவு உள்ளே நிற்கிறது. கண்ணை உறுத்தியது இந்த இடைவெளிதான், வீலின் உயரம் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது ஈ.டி. எண். ரெய்டு வருகிற ஈ.டி. இல்லை. ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் இது. தமிழில் ஆஃப்செட் என்றே சொல்கிறோம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் வீல் மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். என் கம்பெனி வீல் 16 அங்குலம், 6.5 அங்குல அகலம், ஈ.டி. 46. கணக்கு சுலபம்: அகலத்தில் பாதியிலிருந்து ஈ.டி.யைக் கழிக்க வேண்டும். 6.5 அங்குலத்தில் பாதி 82.5 மி.மீ., அதில் 46 போனால் 36.5. புது வீலுக்கும் இதே போல் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்குக்குண்டு காட்டிய இடைவெளியோடு ஒப்பிட்டால் போதும். வீல் கடைக்குப் போகும் முன்பே பாதி முடிவு வீட்டு வாசலில் எடுத்துவிடலாம்.

ஜூன்: ஜெட்டாக்காரர் வீலும் மாம்பழக் கூடையும்

ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா வைத்திருக்கிறார். இரண்டு காருக்கும் ஐந்து போல்ட், அவை அமரும் வட்டம் 112 மி.மீ., வீலின் நடு ஓட்டை 57.1. அவரிடம் சும்மா கிடந்த 18 அங்குல செட்டை ஒரு வாரத்துக்குக் கேட்டேன். 8 அங்குல அகலம், ஈ.டி. 35, டயர் 225/40, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம். மாட்டி நிறுத்தியதும் தெருவில் போன பையன்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று.

என் கணக்குப்படி அது பழைய வீலைவிட 30 மி.மீ. வெளியே வர வேண்டும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் முன்னால் நூல் ரிம்மின் மேலேயே சாய்ந்து படுத்தது. மட்கார்டைத் தாண்டி 5 மி.மீ. இப்படி நீட்டிக்கொண்டு ஓடினால் மழையில் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில்தான் சேறெல்லாம்.

காலியாக ஓட்டினபோது உரசவில்லை. அப்போது மாம்பழ சீசன். மாமாவின் மண்டிக்குப் போயிருந்தபோது ஒரு யோசனை. பெங்களூரா மாம்பழம் ஆறு கூடை, கூடைக்கு 20 கிலோ வரும், டிக்கியில் ஏற்றினேன். பின் சீட்டில் மண்டித் தம்பிகள் இரண்டு பேர். பெட்ரோல் பங்க்கின் சரிவில் குறுக்காக ஏறியதும் பின்னாலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பின் டயரின் தோளில் சாக்பீஸால் கோடு போட்டது போல ஒரு வெட்டு. மட்கார்டின் உள்மடிப்பு தகடு சீவியிருக்கிறது. மடிப்பை உருட்டிச் சமன் செய்துகொள்ளலாம் என்று சொல்வார்கள். பெயின்ட் வெடித்துத் துருப் பிடிக்கும். எனக்கு மனம் வரவில்லை.

மண்டிக்குத் திரும்பியதும் இன்னொன்று செய்தேன். அங்கே எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதே. ஜாக்கி போட்டு ஒரு 18 அங்குல வீலைக் கழற்றி டயரோடு வைத்தேன்: 23.4 கிலோ. மறுநாள் என் 16 அங்குலத்தைக் கொண்டுபோய் வைத்தேன்: 18.6. ஒரு சக்கரத்துக்கு ஐந்து கிலோ பக்கம் கூடுதல். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் தாங்க வேண்டியது. “அண்ணா, சக்கரத்தையும் ஏலம் விடப் போறீங்களா?” என்று தராசுக்காரத் தம்பி கேட்டான்.

அந்த வாரம் மாமியார் வீட்டுக்குப் பாலக்கோடு போய்வந்தோம். ராயக்கோட்டை தாண்டி ஊருக்கு ஊர் வேகத்தடை. சிலதில் வெள்ளைக்கோடே இல்லை. 40 சதவீத டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ.தான், என் பழைய 205/55-இல் 113. அந்த 23 மி.மீ. ரப்பர் எங்கே போயிற்று என்று இடுப்பு சொல்லிவிட்டது. “காசு குடுத்து மாட்டு வண்டி வாங்கியிருக்கே” என்றார் மனைவி.

ஜூலை, ஆகஸ்ட்: நோட்டுப் புத்தகம்

காசு சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கணக்கை ஒழுங்காகப் போட்டு வைத்தேன்.

பழைய டயரின் மொத்த உயரம் 631.9 மி.மீ. 225/45 ஆர்17 போட்டால் 634.3. வித்தியாசம் 2.4 மி.மீ., ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. 235/45 ஆர்17 என்றால் 643.3, கிட்டத்தட்ட 1.8 சதவீதம் கூடுதல். தாழ்த்திய காரில் அந்த உயரத்துக்கு இடம் தேட வேண்டும். ஸ்கோடாவே 2017-இல் இங்கே விற்ற ஆக்டேவியா விஆர்எஸ்ஸுக்கு 225/45 ஆர்17 தான் கொடுத்தது. வேகத்துக்கென்று வந்த காருக்கே அது போதுமென்றால் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே ஓடும் எனக்கென்ன.

அப்புறம் அகலமும் ஈ.டி.யும். 7.5 அங்குலம், ஈ.டி. 45 என்றால் 14 மி.மீ. வெளியே வரும். தூக்குக்குண்டுக் கணக்கில் முன்னால் 11, பின்னால் 14 மி.மீ. மிச்சம். உள்பக்கம் ரிம் 12 மி.மீ. போகும், அதை நேரில்தான் பார்க்க வேண்டும். ஈ.டி. 35 ரகத்தில் அழகான வீல்கள் நிறைய இருந்தன. அந்தப் பக்கமே திரும்பக் கூடாது என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர்: வாங்கியது

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கி.மீ. தான், ஊருக்குள் நுழைவதற்குத்தான் பாதி நேரம். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டு: “அண்ணா, 17 போட்டா யாருக்குத் தெரியும்? 18 போடுங்க.” நான் வீலைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயமெல்லாம் முதுகில்தான். அளவு, ஈ.டி., ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய அலாய் தர முத்திரை, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண். நான் எடுத்ததில் 690 கிலோ என்று வார்த்திருந்தது. ஒரு கடையில் கம்பெனி டிசைனை அப்படியே நகலெடுத்த வீல் பாதி விலைக்குக் கிடைத்தது. முதுகில் அளவைத் தவிர ஒன்றும் இல்லை, ஸ்போக்கின் மடிப்பில் விரலை ஓட்டினால் ஊசி குத்தினது போல் சின்னச் சின்னத் துளைகள். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எடுத்த வீலின் நடு ஓட்டை 66.6 மி.மீ. பல வண்டிக்குப் பொருந்தட்டும் என்று பெரிதாக வைத்து விற்பார்கள், 57.1-க்கு இறக்க நடுவே ஒரு வளையம் வேண்டும். பிளாஸ்டிக் இருந்தது, அலுமினியமும் இருந்தது. அலுமினியம் எடுத்தேன்.

டயரில் அதிகம் யோசிக்கவில்லை. வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலை என்பதால் சத்தம் குறைந்ததாக மிஷ்லின் ப்ரைமஸி வகையில் ஒன்று. பழைய டயரின் சுமை எண் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. புதிதில் 94, 670 கிலோ. 91-க்குக் குறையாமல் இருந்தால் போதும், இது மேலேயே இருக்கிறது. பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் மறக்காமல் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முதலில் எடுத்து வந்த நான்கில் ஒன்று இரண்டு வருடம் பழையது. மாற்றித் தரச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே மாற்றினார்கள். வீலும் டயருமாக ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் சொன்ன கணக்கு வேறு.

ஊருக்கு வந்து ஒரே ஒரு வீலில் மட்டும் டயர் ஏற்றச் சொன்னேன். பொருந்தவில்லை என்றால் மற்ற மூன்றையும் புதிதாகவே திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியதில் ஒரு பிடி களிமண் ஈரத்துணியில் சுற்றி மிச்சம் இருந்தது. ஷாக் அப்சார்பர் குழாயில், டயருக்கு எதிரே அதை அப்பினேன். வீலை மாட்டி, காரை இறக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, தெருவை ஒரு சுற்று வந்து கழற்றிப் பார்த்தேன். களிமண்ணில் டயர் வழித்த இடம் பளபளவென்று இருந்தது. குழாய்க்கு மேல் மிஞ்சி நின்ற மண்ணின் கனம் 7 மி.மீ. போதும். பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு.

அதற்கு அடுத்த வாரம்: போல்ட்

இதைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

நான்கு வீலையும் மாட்டித் தந்த கடையில் பையன் ஏர் கன்னை வைத்து டுர்ர்ர் என்று முடுக்கி அனுப்பிவிட்டான். சூளகிரி தாண்டி 90 கி.மீ. வேகம் தொட்டதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். பேலன்சிங் சரியில்லை என்று நினைத்துத் திரும்பக் கொடுத்தேன். மறுபடியும் அதே. கடைக்காரர் “புது டயர் அப்படித்தான் இருக்கும், 500 கிலோமீட்டர் ஓடினால் சரியாயிடும்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி போல்ட், தலைக்குக் கீழே உருண்டையாக, பாதிக் கோலிக்குண்டு மாதிரி. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் எல்லாம் இப்படித்தான். வீலில் உள்ள குழியோ நேராகச் சரியும் கூம்பு. சந்தேகம் தீர மனைவியின் கண்மையை எடுத்து போல்ட்டின் உருண்டை முழுக்கத் தடவி, கையால் இறுக்கி, மறுபடி கழற்றினேன். குழியில் மை ஒரு நூல் கனத்துக்கு மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது. மீதி இடமெல்லாம் பளிச்சென்று காலி. அவ்வளவு மெல்லிய வளையத்தின் பிடியில்தான் ஒவ்வொரு சக்கரமும் 90-இல் ஓடியிருக்கிறது. முதுகு சில்லிட்டது.

60 டிகிரி கூம்புத் தலை போல்ட், எம்14, 1.5 மரை, 20 எண்ணம் வரவழைத்தேன். நீளமும் முக்கியம். பழைய வீலில் பழைய போல்ட் ஒன்பது சுற்று இறங்குகிறது என்று எண்ணி வைத்திருந்தேன், புதிதில் ஒன்பதரை. கண்மைச் சோதனை மறுபடி. இந்த முறை மை கூம்பு முழுக்கப் பட்டையாக ஒட்டியது. இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர், ஒன்றுவிட்டு ஒன்றாக. நடுக்கம் அன்றோடு போயிற்று. கண்மை டப்பாவுக்குப் பதில் வேறு வாங்கித் தர வேண்டியிருந்தது.

அக்டோபர்

அலைன்மென்ட் ஓசூரில் செய்தேன். தாழ்த்தியதில் பின் சக்கரங்கள் உள்ளே சாய்ந்து, கேம்பர் என்கிற அந்தச் சாய்வு 2 டிகிரிக்கு மேல் போயிருந்தது. அப்படியே விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும், வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரியவும் தெரியாது. பின்னால் உள்ள சரிசெய்யும் போல்ட்டைத் திருப்பி ஒன்றரைக்குக் கொண்டுவந்தார் மெக்கானிக். என் காரில் அந்த வசதி இருந்தது அதிர்ஷ்டம்.

மழை ஆரம்பித்த வாரம் சேலம் போக வேண்டியிருந்தது. தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்க, அவற்றுக்குப் பின்னால் நானும் பொறுமையாக இறங்கினேன். அங்கே வீரம் காட்ட நான் தயாரில்லை. ஈர ரோட்டு வளைவில் பிரேக்கை மெல்லத் தொட்டால் பழைய டயரில் ஒரு தயக்கம் இருக்கும், அது இப்போது இல்லை. கீழே டீக்கடையில் நிறுத்தி டார்க் ரெஞ்ச்சை எடுத்து 20 போல்ட்டையும் மறுபடி பார்த்தேன். இடது முன்னால் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது. டீக்கடைக்காரர் பஞ்சரா என்று கேட்டார்.

மண்டித் தராசில் புது வீலும் ஏறிவிட்டது: டயரோடு 20.1 கிலோ. ஜெட்டாக்காரர் பார்த்துவிட்டு, “இது 17-ன்னு சொன்னா நம்ப முடியலையே, நல்லா நிறைஞ்சு நிக்குதே” என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினேன். முன்னால் 11. நோட்டில் எழுதியிருந்தது அப்படியே.

ஸ்டெப்னி இன்னும் கம்பெனி வீல்தான். அதற்குக் கூம்பு போல்ட் சேராது, உருண்டைத் தலைதான் வேண்டும். பழையதில் ஐந்தை எடுத்து ஒரு மஞ்சப்பையில் முடிந்து ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பையின் மேல் மார்க்கரில் ‘ஸ்டெப்னிக்கு மட்டும்’ என்று எழுதி வைத்தாயிற்று. மனைவியிடமும் காட்டிவிட்டேன். 5,000 கி.மீ. ஆனதும் பின் டயரின் உள்விளிம்பை அளக்க வேண்டும், இன்றைக்கு 2,300.