கிருஷ்ணகிரி வானத்தில் ஒரு ரயில்

"மாமா, மேல பாருங்க, ரயில் போகுது!"

பக்கத்து வீட்டுப் பையன் மொட்டை மாடியிலிருந்து கத்தினான். சையத் பாஷா மலைக்கு மேலே, சத்தமே இல்லாமல், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் பறக்கும் தட்டு வந்து இறங்கிவிட்டது. ஓசூர் பக்கத்து ரகசிய ட்ரோன் என்றார் ஒருவர்.

நான் கவனித்தது வேறு. முதல் புள்ளி கிழக்கே ஓரிடத்தை எட்டியதும் மங்கி மறைந்தது.

அடுத்ததும் அதே இடத்தில்.

அதற்கடுத்ததும்.

அங்கே இருந்தது பூமியின் நிழல். நமக்கு இருட்டினாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் வெயில்தான். இணைய சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அந்த வெயிலில் மின்னிக்கொண்டே வந்து நிழலுக்குள் நுழைகின்றன. ஏவிய புதிதில்தான் இப்படி ஒட்டிப் போகும். அப்புறம் உயரம் ஏறிப் பிரிந்துவிடும்.

அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை 'புராஜெக்ட் புளூ புக்' என்று, வானத்தில் அடையாளம் தெரியாத எதையாவது பார்த்ததாக வரும் தகவல்களுக்கென்றே விசாரணை நடத்தியது. வந்த 12,618 தகவல்களில் 701 மட்டும் விளங்காமல் நின்றன. மற்றதில் வெள்ளிக் கோள், எரிகல், பலூன், விமானம் எல்லாம் உண்டு.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இருட்டில் தனியாகத் தெரியும் வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளக்க முடியாது, அதுதான் சிக்கல்.

இதையெல்லாம் குழுவில் எழுதிப் போட்டேன்.

"சரி, அந்த 701?" என்கிறார் ட்ரோன்காரர்.