ராஜாவை நம்பாதவர்கள் ஐயரை நம்பினார்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே பக்கத்திலுள்ள சிவகங்கைப் பூங்கா வரை போய், அங்கே இருக்கும் பழைய தேவாலயத்தை எட்டிப் பார்க்கிறார்கள். 1779-ல் கட்டப்பட்ட ஆலயம் அது. ஊரில் சுவார்ட்ஸ் சர்ச் என்று கேட்டால் வழி சொல்வார்கள். பாளையங்கோட்டைக்காரர்களான எங்களுக்கு, பாதிரியாரான சுவார்ட்ஸ் ஐயர் வேற்று ஆள் இல்லை. குளோரிந்தா அம்மாள் எங்கள் ஊரில் கட்டிய ஆலயத்தை 1785-ல் பிரதிஷ்டை செய்தவர் அவர்தான். அவர் ஊழியம் செய்த இடங்களையும் கல்லறையையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பெரியப்பாவின் நெடுநாள் ஆசை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் குடும்பமாகக் கிளம்பினோம்.

நாங்கள் போன நேரம் ஆலயம் பூட்டிக் கிடந்தது. விசாரித்ததில் சாவியோடு ஒரு அண்ணன் வந்து திறந்துவிட்டார். "எங்கேருந்து வர்றீங்க?" என்றார். "பாளையங்கோட்டைல இருந்து வாறோம் தம்பி, ஐயரைப் பாக்கணும்னு" என்றார் பெரியப்பா, உயிரோடு இருக்கிறவரைப் பார்க்க வந்தது போல.

உள்ளே இருக்கும் பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கவே தஞ்சாவூருக்கு வரலாம். மரணப் படுக்கையில் ஐயர் சாய்ந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்தபடி நிற்பவர் சரபோஜி மன்னர். பக்கத்தில் சக ஊழியர் கெரிக்கே, கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகள். ஃப்ளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியிடம் சொல்லி இதைச் செய்வித்தவர் சரபோஜியேதான். கடைசிவரை சைவராகவே வாழ்ந்த அரசர், ஒரு பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தன்னைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு கைகளையும் விட்டு என் கண் நகரவில்லை.

1726-ல் பிரஷ்யாவில் பிறந்தவர் சுவார்ட்ஸ். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை, கலியாணமும் செய்துகொள்ளவில்லை. தமிழ், மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் என்று கற்றுக்கொண்டு, அரண்மனையிலும் குடிசையிலும் அவரவர் மொழியில் பேசினார். 1779-ல் ஹைதர் அலியிடம் தூது போக ஆள் தேடியது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு. ஹைதர் கேட்டது இந்தப் பாதிரியாரைத்தான். இவர் என்னை ஏமாற்றமாட்டார் என்றாராம். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார் ஹைதர். ஐயர் அதைக் கம்பெனியிடம் கட்டப் போனார். அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட, அந்தப் பணம் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாயிற்று.

ஆனாலும் என்னை உலுக்கியது மாடுகளின் கதைதான். ஹைதரின் படையெடுப்பில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் மனிதர்கள் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது; கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் தரமாட்டோம் என்றார்கள். முன்பு கொடுத்தவர்களுக்குக் கூலி வந்து சேரவில்லையே, யார் தருவார்கள்? ராஜாவின் வாக்கும் எடுபடவில்லை, கம்பெனியின் வாக்கும் எடுபடவில்லை. கடைசியில் ஐயர் நாலா பக்கமும் கடிதம் அனுப்பினார்: ஒவ்வொரு மாட்டுக்கும் கூலியை என் கையால் தருகிறேன். இரண்டொரு நாளில் 1,000 மாடுகள் வந்து நின்றன. சபையின் உபதேசியார்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். அதோடு முடிந்தது என்று ஐயர் உட்கார்ந்துவிடவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்து, மேலே ஒரு சிறு வெகுமதியும் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

பிற்பாடு, வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போன காலத்திலும் அப்படியே நடந்தது. இனி கொடுமை இராது என்று ராஜா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஐயர் பொறுப்பேற்றார், 7,000 பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தப்பிவிட்டதே என்று அவர் கவலைப்பட்டபோது, எங்களுக்கு நன்மை செய்த உமக்குத் தலைகுனிவு வரவிடமாட்டோம், இராப்பகலாகப் பாடுபடுவோம் என்றார்களாம்.

இன்று நம் சபைகளில் ஒருவருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்றால், நம் மனம் எங்கே போகிறது? மிஷன் பள்ளியில் மருமகளுக்கு வேலை, கல்லூரியில் பேரனுக்கு இடம், கமிட்டித் தேர்தலில் நம் அணிக்கு ஓட்டு. இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒருவர் பேச்சுக்கு மக்கள் கொடுக்கும் மதிப்பு தேவன் கொடுத்த முதல். அதைச் சொந்த வீட்டுக்கே செலவழித்துத் தீர்த்துவிட்டால், பஞ்ச நாளில் ஊருக்கு என்ன மிஞ்சும்?

ஆலயத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. 1787-ல் தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தத்துப்பிள்ளை சரபோஜியை ஐயர் கையில் ஒப்படைத்து, நீரே காப்பாளராய் இரும் என்று கேட்டார். ஐயர் மறுத்து, மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் விடச் சொன்னார். அமர்சிங்கோ அரியணையைத் தானே பிடித்துக்கொண்டு, பையனைப் படிப்பில்லாமல் அடைத்து வைத்தார்.

"அதிகாரம் வேண்டாம்னு ஒதுங்கினது தாழ்மைதானல" என்றார் பெரியப்பா.

"ஆனா அடைபட்டுக் கிடந்தது பிள்ளைதானே பெரியப்பா?" என்றேன்.

இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. வேதாகமத்தில் எஸ்தர் ராணிக்கு மொர்தெகாய் சொல்லி அனுப்பினது எனக்கு ஞாபகம் வந்தது: "நீ இப்படிப்பட்ட காலத்துக்கு உதவியாயிருக்கும்படி உனக்கு ராஜமேன்மை கிடைத்திருக்கலாமே, யாருக்குத் தெரியும்." பதவியை மறுத்த அதே ஐயர், பையன் படும் பாட்டை அறிந்தபின் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதினார், மன்றாடினார். 1793-ல் சரபோஜியைப் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுபோய் கெரிக்கேயின் கண்காணிப்பில் படிக்க வைத்தார்கள். 1798-ல் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். ஐயர் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 13-ம் தேதியே கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். மறுத்தது சரிதானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அதன்பின் அவர் பட்ட பிரயாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிற்பகலில் பரிசுத்த பேதுரு ஆலயத்துக்குப் போனோம். அவருடைய கல்லறை அங்கேதான். மேலே பதித்த கல்லில் சரபோஜி ஆங்கிலத்தில் எழுதிய கவிதை: உறுதியானவர், தாழ்மையுள்ளவர், அனாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று வரி வரியாகப் போகிறது. பெரியம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு ஜெபித்தோம்.

பெரியப்பா மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசு அலுவலகங்களில் அவரிடம் படித்த மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். தன் பள்ளியில் ஆயாவாக இருந்த ஒரு அம்மாளின் பென்ஷன் மாதக்கணக்கில் நின்று கிடப்பதை, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி ஜெபத்தில் வைத்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினது போதாது. திங்கக்கிழமை அந்த அம்மாகூட நானே ஆபீசுக்குப் போறேன். காலைல வண்டி எடுத்துட்டு வந்துரு."