நீவிவிட ஒரு சாக்கு

பார்வையற்றவர்களுக்காகப் படங்களுக்கு ஒலி விவரணை எழுதுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் கிடைக்கிற மூன்று நான்கு நொடிக்குள் திரையில் நடப்பதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். போன மாதம் வந்த ஒரு குறும்படத்தில் ஒரு காட்சி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயதான அம்மா ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் கணவர் அவர் முதுகில் கை வைத்து... என்ன செய்கிறார்? அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ‘முதுகைத் தடவுகிறார்’ என்று எழுதினேன். நான் எழுதுவதைக் கேட்டுத் திருத்துகிறவர் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு நண்பர். காதைவிட நாக்கு கூர்மை. “என்னத்தத் தடவுறார், தைலமா?” என்றார். ‘வருடுகிறார்’ என்று மாற்றினேன். “பாட்டு ஆரம்பிக்கப் போகுதா?” என்றார். ‘தடவிக்கொடுக்கிறார்’ என்றேன். “பொண்டாட்டிக்கா, கன்னுக்குட்டிக்கா?”

அவர் கிண்டலில் நியாயம் இருந்தது. தடவு என்பது பாவப்பட்ட சொல். இருட்டில் சுவிட்சைத் தடவுவோம், பாடம் தெரியாத பிள்ளை தடவித் தடவி வாசிக்கும். கூட்டமான பஸ்ஸில் போய்வந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் தெரியும். ஒரு ‘கொடு’ சேர்ந்தால்தான் அதற்குக் கௌரவம் வருகிறது. தட்டுவதும் அப்படித்தானே. தட்டினால் அடி, தட்டிக்கொடுத்தால் தெம்பு. ஆனால் அந்தக் ‘கொடு’ பெரியவர் சின்னவருக்குக் கொடுப்பது. ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு நடுவில் அது சரியாக உட்காரவில்லை. வருடு நல்ல சொல்தான். ஆனால் தென்றலும் மயிலிறகும் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருந்ததைக் கணினித் தமிழ் எடுத்துக்கொண்டது. ஸ்கேனருக்கு ‘வருடி’ என்று பெயர் வைத்தார்கள்.

தீண்டு பக்கம் நான் போகவே இல்லை. ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்று 65ஆவது குறளில் வள்ளுவர் பிள்ளையின் உடம்பைத் தொடும் இன்பத்துக்குத்தான் அதை வைத்தார். நாம் அந்தச் சொல்லைப் பாம்புக்குக் கொடுத்தோம். பிறகு அதிலிருந்தே ‘தீண்டாமை’யைச் செய்தோம். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதை ஒழித்தது. சொல் இன்னும் தேறவில்லை.

“சரி, கை எப்படிப் போகுது? மேலருந்து கீழயா, சுத்திச் சுத்தியா? வேகமாவா?” என்று நண்பர் கேட்டார். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிடரியிலிருந்து இடுப்பு வரை மெதுவாக இறங்குகிறது. அங்கே கையை எடுத்து, மறுபடி பிடரியில் வைத்து இறக்குகிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் அப்பத்தாவின் குரல் கேட்டது. “இங்கிட்டு வா ஆத்தா, நீவி விடுறேன்.”

நீவு. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தச் சொல்!

திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பத்தாவிடம் சுளுக்குக்கு ஆள் வருவார்கள். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, கீழ்முகமாகத்தான் நீவுவார். மேல்முகமாகக் கை போனால் சுளுக்கு ஏறிவிடும் என்பார். பால் கறக்க உட்காரும் முன் பசுவின் மடியை நீவுவதும் அவர்தான். சேலைக் கொசுவத்தை நீவுவோம், பைக்குள் கசங்கிய ரூபாய் நோட்டை மேசையில் வைத்து நீவுவோம். தாத்தாக்கள் தாடியை நீவிக்கொண்டே யோசிப்பார்கள். தடவுகிற கை எங்கு வேண்டுமானாலும் போகும். நீவுகிற கைக்குத் திசை உண்டு. எங்கேயோ ஏதோ கசங்கியிருக்க வேண்டும், முறுக்கியிருக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

வேகமும் இருக்கிறது. நம் உடம்பில் ரோமமுள்ள தோலின் அடியில், மெல்ல வருடினால் விழித்துக்கொள்ளும் தனி நரம்பிழைகள் உண்டு. சி-டாக்டைல் என்று பெயர். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகர்ந்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். இதைப் படித்தபோது சும்மா இருக்க முடியவில்லை. மகளைக் குப்புறப் படுக்கவைத்து டெய்லர் டேப்பால் அளந்தேன். பிடரியிலிருந்து இடுப்பு வரை 36 சென்டிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு அப்பத்தா மாதிரி நீவினேன், போனில் நேரம் பார்த்தது அவள். 6 நொடி. நொடிக்கு 6 சென்டிமீட்டர்! அப்பத்தாவிடம் டேப்பும் கிடையாது, போனும் கிடையாது. “இன்னொரு தடவை அள” என்றாள் மகள். ஐந்தாறு முறை அளக்க வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் கலித்தொகை ஞாபகம் வந்தது. குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய 51ஆவது பாட்டு. சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய போக்கிரிப் பயல், வளர்ந்தபின் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொண்டுபோய்க் கொடுக்கிறவளின் வளைக்கையைப் பிடிக்கிறான். அவள் பதறி ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்திவிடுகிறாள். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்ததும் அவளுக்கு மனசு மாறிவிடுகிறது. ‘தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்’ என்று ஒரு பொய். உடனே அன்னை அவனைப் ‘புறம்பு அழித்து நீவ’, அந்தக் கள்வன் மகன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

பள்ளியில் ‘முதுகைத் தடவிக்கொடுக்க’ என்றுதான் பொருள் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் மூலத்தில் இருப்பது நீவ. விக்கலுக்கு வைத்தியம் செய்கிற கை அது. விக்கலோ பொய். அந்த ஒரு பொய்யால் தண்ணீர் கேட்டு வந்த பையனின் முதுகில் ஒரு தாயின் கை இறங்குகிறது.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்துப் பார்த்ததில்லை. தொடுவதற்குக் காரணம் வேண்டும். பேன், எண்ணெய்க் குளியல், காய்ச்சல், புரை, சுளுக்கு. அக்கா கல்யாணமாகிப் போன வருஷம் எனக்கு எத்தனை முறை சுளுக்குப் பிடித்தது என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்பத்தா ஒரு நாள்கூட ‘எங்கே, காட்டு’ என்று சோதித்ததில்லை. எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்பா இன்னும் மோசம். நான் வயதுக்கு வந்தபிறகு அவர் கை என்மேல் பட்டதே இல்லை. எங்கள் பக்கத்து அப்பாக்கள் அப்படித்தான், அதை மரியாதை என்று நினைத்தார்கள். வேலை கிடைத்து நான் சென்னைக்குக் கிளம்பிய ராத்திரி, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறப்போகும்போது கூப்பிட்டார். “வார் முறுக்கியிருக்கு பாரு.” தோள்பையின் வாரைப் பிரித்து, தோளிலிருந்து முழங்கை வரை ஒரு தரம் நீவி நேராக்கினார். வார் நேராகிவிட்டது. பிறகும் இன்னொரு தரம் நீவினார்.

விவரணையில் ‘முதுகை மேலிருந்து கீழாக நீவிவிடுகிறார்’ என்று எழுதி அனுப்பினேன். நண்பர் ‘மேலிருந்து கீழாக’வை வெட்டிவிட்டார். சொல்லுக்குள்ளேயே இருக்கிறதாம். மிச்சமான ஒரு நொடியை அந்தக் காட்சிக்கு அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது 74. முட்டி வலி இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சுளுக்கு ஏதாவது?

பேப்பரை மடித்து வைத்தார். “லேசா இருக்குற மாதிரிதான் இருக்கு” என்று காலை நீட்டினார்.